நாக்கில் வைத்த மண்

மரக்காணத்தில் வேலை பார்த்த மூன்று வருஷங்களில் நான் செய்த சிற்பம் ஒன்றே ஒன்று. உயரம் இரண்டரை அங்குலம். உப்பளத்து வரப்பிலிருந்து காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்த களிமண்ணில், தலையில் கூடையோடு நிற்கும் ஒரு பெண். கவிதை விமர்சனம் எழுதுகிறவனுக்கு இந்த ஆசை எப்படி வந்தது என்று கேட்க வேண்டாம். போகும்போதும் வரும்போதும் தெரிந்தது உப்பும் அதைச் சுமக்கிறவர்களும்தான். செய்து முடித்த அன்று அவள் நன்றாகவே இருந்தாள். நான்காம் நாள் மூக்கு நுனியிலும் கூடை விளிம்பிலும் வெள்ளையாகப் பூத்தது. பத்தாம் நாள் மூக்கு இல்லை. அப்புறம் புருவம், உதடு, விரல்கள். எவற்றுக்காக நான் அதிக நேரம் செலவழித்தேனோ அவையே பொறுக்கி எடுத்தாற்போல உதிர்ந்தன. முதுகும் சேலையின் கனமான அடிப்பகுதியும் கடைசிவரை அப்படியே நின்றன.

இந்தக் கட்டுரை அந்த மூக்கைப் பற்றியது.

மிச்ச மண்ணை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வில்லியனூருக்குப் போனேன். புதுச்சேரிக்கு மேற்கே, சங்கராபரணி ஆற்றங்கரை ஊர். அங்கே சுடுமண் வேலை செய்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த ஊர்ச் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அங்கிருந்து முனுசாமி என்ற கலைஞருக்கு 2020இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நான் போய் உட்கார்ந்தது விருது எதுவும் வராத ஒரு வீட்டுத் திண்ணையில். அங்கிருந்த பெரியவர் மண் உருண்டையை நகத்தால் கீறினார், ஒரு துணுக்கை நாக்கில் வைத்தார், துப்பினார்.

“எந்த ஊரு மண்ணு சார் இது?”

“மரக்காணம் ஐயா. உப்பளத்துப் பக்கம்.”

“அதான் கரிக்குது. இதுல பாத்தி கட்டலாம் சார். பொம்மை புடிக்க முடியாது.”

“சூளையில் வைத்துச் சுட்டிருந்தால் நின்றிருக்குமா?”

“சுட்டா செவக்கும். செவந்த பெறகு மறுபடியும் வெளுக்கும்.”

இந்தக் கடைசி வாக்கியத்தில் எவ்வளவு ரசாயனம் இருக்கிறது என்பது எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது. ஈரக் களிமண் காயும்போது உள்ளே இருக்கும் தண்ணீர் மேற்பரப்பை நோக்கி நகர்கிறது. கரைந்திருக்கும் உப்பும் கூடவே வருகிறது. தண்ணீர் ஆவியாகிப் போய்விடுகிறது. உப்பு போக இடமில்லாமல் தோலுக்கு அடியிலேயே பளிங்காகக் கட்டி, வளர்ந்து, மேல்தோலைப் பெயர்த்துத் தள்ளுகிறது. எங்கே காற்று அதிகம் படுகிறதோ அங்கேதான் தண்ணீர் வேகமாக ஆவியாகும். அங்கேதான் உப்பும் அதிகம் சேரும். ஒரு உருவத்தில் காற்று அதிகம் படுகிற இடம் மூக்கு நுனி, விரல் நுனி, விளிம்புகள். ஆளுயரச் சிலையில் இது ஒரு மூலையில் நடக்கிற சேதம். கட்டைவிரல் அளவுப் பொம்மையில் விளிம்பைத் தவிர வேறென்ன இருக்கிறது?

சுட்டாலும் தப்ப முடியாது. சாதாரண உப்பு உருகுவது 801 டிகிரி செல்சியஸில். நாட்டுச் சூளையின் சூடு அந்தப் புள்ளிக்கு இப்புறமும் அப்புறமுமாக அலைவது. உப்பு முழுக்கப் போகாது. மிஞ்சியது மழைக்கால ஈரத்தை இழுத்துக்கொண்டு மறுபடி பூக்கும். ஜெர்மனியில் ரைன் நதிக்கரைக் குயவர்கள் 1,200 டிகிரியைத் தாண்டிய சூளைக்குள் உப்பை அள்ளி வீசி, அந்த ஆவியாலேயே ஜாடிகளுக்குக் கண்ணாடிப் பூச்சு ஏற்றினார்கள். நம் வைக்கோலும் வரட்டியும் அந்தச் சூட்டைத் தராது. ஒரே உப்பு, அங்கே மெருகு, இங்கே குஷ்டம்.

இதே மண்ணின் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். தை மாதவாக்கில் உப்பளத்தில் வேலை தொடங்கும்போது முதல் காரியம் பாத்தித் தரையை மிதிப்பது. சேறு எடுத்து, வரப்பு கட்டி, நாள் கணக்கில் காலால் மிதித்து மிதித்துத் தரையை இறுக்குகிறார்கள். தண்ணீர் கீழே இறங்காமல் நிற்க வேண்டும். வாரும்போது உப்போடு சேறு வரக்கூடாது. மூவாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட அந்த வெண்பரப்பு முழுவதும் இப்படிக் காலால் வனைந்த பாத்திரம்தான். பொம்மைக்கு ஆகாத மண் அங்கே முதல் தரமான மண். நல்ல மண், கெட்ட மண் என்று பேசுவதெல்லாம் என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லாதவரை வெறும் பேச்சு.

*

1959இல் ‘எழுத்து’ தொடங்கிய நாளிலிருந்து நம் சிறிய வட்டத்தில் உருவம், உள்ளடக்கம் என்ற இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு போதுமான அளவு சண்டை போட்டாயிற்று. நானும் போட்டிருக்கிறேன், பிரசுரமானவற்றைத் திரும்பப் படிக்கும் தைரியம் இல்லை. இந்தச் சண்டையில் மூன்றாவதாக ஒன்று இருப்பதை நாம் கவனித்ததே கிடையாது. உருவம் எதில் பிடிக்கப்படுகிறதோ அந்தப் பொருள், அதன் பிடிவாதம், அது எதற்கு இணங்கும் எதற்கு இணங்காது என்பது. இதே கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் 1966இல் தொடங்கிய சோழமண்டலம் கலைஞர் கிராமம் வருகிறது. அந்தத் தலைமுறை ஓவியர்களின் கோடுகளை நம் பத்திரிகைகள் அட்டையில் போட்டுக்கொண்டன. அந்தத் தலைமுறைச் சிற்பிகள் எதைப் பிசைந்தார்கள், எதைத் தட்டினார்கள், ஏன் அதை எடுத்து இதை விட்டார்கள் என்று நம்மில் எத்தனை பேர் எழுதினோம்? ‘உத்தி’ என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டோம். உத்தி கைக்குச் சொந்தமானது. வில்லியனூர்ப் பெரியவர் நாக்கில் வைத்துப் பார்த்தது கை வேலை செய்யத் தொடங்கும் முன்னால் நடக்கிற காரியம். அதை நான் விமர்சனம் என்றே சொல்வேன்.

மரக்காணத்துக்காரர்கள் தங்கள் ஊரின் பழைமையைச் சொல்லத் தொடங்கினால் நிறுத்தமாட்டார்கள். சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இதுதான் என்று சில ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். பெரிப்ளூஸ் என்ற கிரேக்கக் கடல் வழிநூல் சொல்லும் சோபட்மா இதுவே என்பாரும் உண்டு. பூமீஸ்வரர் கோயிலில் சோழர் கல்வெட்டுகள் இருக்கின்றன. இருக்கட்டும். எனக்கு முக்கியமாகப் படுவது கல்லில் வெட்டாத ஒன்று. நெய்தல் திணையில் பெண்கள் கரையில் செய்து விளையாடும் வண்டற்பாவை. ஐங்குறுநூற்றில் அம்மூவனார் பாடல் ஒன்றில், தன் பாவையைக் கொண்டுபோன கடலை அந்தப் பெண் மணலை அள்ளிப் போட்டுத் தூர்க்கப் பார்க்கிறாள். உரைகாரர்கள் இதில் பேதைமையைக் காண்கிறார்கள். நான் காண்பது வேறு. நெய்தல் நிலத்தில் பொம்மை நிற்காது என்பது அவளுக்கும் தெரியும், புலவருக்கும் தெரியும். கையில் கிடைத்த மணலில், கரைக்கக் காத்திருக்கும் தண்ணீருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செய்கிறாள். பாவை அழிவது அந்த விளையாட்டில் ஏற்பட்ட தவறு இல்லை; அந்தப் பொருளைத் தேர்ந்த கணத்திலேயே அதற்கு ஒப்புக்கொண்டாயிற்று. கோபம் மட்டும்தான் மிச்சம்.

நிற்கிற பொம்மை வேண்டும் என்றால் கடலை விட்டு உள்ளே நடக்க வேண்டும். நல்ல தண்ணீர் தேங்கிய ஏரி, ஆற்று மடுவு. வருஷா வருஷம் மழை கழுவிக் கழுவி உப்பு போன வண்டல். இந்தக் கரையோரத்தில் சுடுமண் சில்பத்தின் ஊர்கள் கடல் மணலில் இல்லாமல் ஏரிக்கும் ஆற்றுக்கும் பக்கத்தில் இருப்பதற்கு வேறு தத்துவம் தேட வேண்டியதில்லை. (புதுச்சேரிக்குச் சற்று வடக்கே பொம்மையார்பாளையம் என்று ஓர் ஊர். பெயரைப் பார்த்துவிட்டு நான் இரண்டு மாதம் கனவு கண்டேன். கடைசியில் அது மயிலம் பொம்மபுர ஆதீனத்தோடு சம்பந்தப்பட்ட பெயர். பொம்மைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சொல்லை வைத்துச் சரித்திரம் எழுதுகிறவர்களுக்கு இதைக் காணிக்கையாக்குகிறேன்.)

*

மண்ணைப் பேசவைத்தால் அது என்னென்ன சொல்லும் என்பதற்கு இந்தக் கரையிலேயே ஒரு கதை இருக்கிறது. புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேடு. ழூவோ துப்ராய் 1930களில் அதன்மேல் கவனத்தைத் திருப்பினார். 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தார். வீலருக்கு வேண்டியது ஒரு தேதி. இத்தாலியின் அரெஸ்ஸோ பாணிச் சிவப்புப் பாண்டம் துண்டு துண்டாகக் கிடைத்தது. அதற்கு ஐரோப்பாவில் காலம் தெரியும். அதைப் பிடித்துக்கொண்டு தென்னிந்தியத் தொல்லியலுக்கே ஒரு கால அளவு போட்டார். கெட்டிக்காரத்தனமான காரியம்தான். கூடவே இன்னொரு பாண்டமும் கிடைத்தது. மிக நுண்ணிய மண், மெல்லிய சுவர், உட்புற அடியில் வட்ட வட்டமாகப் பல்சக்கரம் உருட்டினாற்போன்ற குழிகள். இவ்வளவு நேர்த்தியை மத்தியதரைக் கடலோடு இணைத்துப் பார்ப்பது வீலருக்கு இயல்பாக இருந்தது. நம்மவர்களும் நெடுநாள் அதையே திருப்பிச் சொன்னார்கள். பின்னால் விமலா பெக்லி போன்றவர்கள், உத்தி வெளியிலிருந்து வந்திருக்கலாம், பாண்டம் இங்கே வனைந்தது என்று வாதாடினார்கள்.

1997இல் விஸ்வாஸ் கோக்தே அந்தச் சில்லுகளின் மண்ணையே எக்ஸ் கதிரில் வைத்துப் பார்த்தார். தாதுக்களின் சேர்க்கை எங்கே போய் நின்றது தெரியுமா? ரோமிலும் இல்லை, அரிக்கமேட்டிலும் இல்லை. வங்காளத்தில், சந்திரகேதுகர், தாம்லுக் பகுதிக் கங்கை முகத்துவார மண். 2005இல் வெளிவந்த இன்னொரு வேதியியல் ஆய்வும் இந்தப் பாண்டங்கள் பல இடங்களில் தனித்தனியாகச் செய்யப்பட்டவை அல்ல, ஒரே மண் மூலத்திலிருந்து வந்தவை என்றே சொல்லிற்று. அழகன்குளம், அனுராதபுரம், பாலித்தீவின் செம்பிரான் வரை போன பாண்டம் இது.

இதை நான் இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் விமர்சனத்தில் ஒரு கவிதையைப் பார்த்ததும் கேட்கிற முதல் கேள்வி, இது எலியட்டா, நெரூடாவா, சங்கத்தின் மீட்சியா என்பது. உருவத்தைப் பார்த்து ஊர் சொல்கிற பழக்கம். ஒரு கட்சி மேற்கே கை காட்டும், இன்னொரு கட்சி காலடியைக் காட்டும். வட்டக் குழிகளை எண்ணிக்கொண்டிருந்த அத்தனை பேரும் அரை நூற்றாண்டு இந்த இரண்டு திசைகளைத்தான் பார்த்தார்கள். மண்ணைக் கேட்டபோது அது மூன்றாவது திசையைச் சொல்லிற்று. அந்த நுண்மை கலைஞனின் மேதை மட்டும் இல்லை, டெல்டாவின் கொடையும்கூட. அதே வங்க வண்டலில்தான் பதினெட்டு நூற்றாண்டுகள் கழித்து கிருஷ்ணநகர் கூர்ணியின் பொம்மைக்காரர்கள் விரல்நகமும் தோல் சுருக்கமும் தெரியும்படி சின்னஞ்சிறு மனிதர்களைப் பிடித்தார்கள். 1851 லண்டன் கண்காட்சிக்கு அவை போயின, ஐரோப்பியர்கள் வியந்தார்கள். அந்த இயற்கைவாதத்தைக் காலனியத்தின் ரசனை என்று ஒதுக்கிவிடுவது சுலபம். ஐயனார் குதிரைக்கான மண்ணில் அந்த நகத்தை யாராலும் செய்ய முடியாது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் விமர்சனம் முழுமையாகும்.

குதிரைக்கான மண் வேறு. ஆளைவிட உயரமாக நிற்க வேண்டிய உருவத்துக்கு மணலும் உமியும் வைக்கோலும் சேர்த்துப் பிசைகிறார்கள். மணல் சுருக்கத்தைக் குறைக்கும். வைக்கோல் எரிந்துபோய்த் துளைகளை விடும், ஆவி வெளியேறும், வெடிக்காது. இரண்டரை அங்குலப் பெண்ணுக்கு இது எதுவும் உதவாது. ஒரு மணல் பருக்கை அவள் கண்ணளவு இருக்கும். சிறிய உருவத்துக்கான மண்ணைத் தண்ணீரில் கரைத்து, கனத்தது அடியில் தங்கியதும் மேலே நிற்கும் கலங்கலை வேறு தொட்டிக்கு மாற்றி, துணியில் வடித்து, தெளியவிட்டு, மாதக் கணக்கில் ஈரமாகவே மூடிப்போட்டுப் புளிக்கவிட வேண்டும். இப்படி நுண்ணியதாக்க ஆக்க மண் இணக்கமாகிறது. கூடவே காயும்போது அதிகம் சுருங்கவும் செய்கிறது. பத்தில் ஒரு பங்கு சுருங்குவது சகஜம். உடம்பு தடியாகவும் கை மெல்லியதாகவும் இருந்தால் கை முதலில் காய்ந்து சுருங்கி, இன்னும் ஈரமாக இருக்கும் தோளோடு சண்டை போட்டு, மூட்டில் வெடிக்கும். நுண்மைக்கும் உறுதிக்கும் நடுவே எங்கே நிற்பது என்பதுதான் தேர்வு.

*

உப்பு மண்ணுக்கு எதிரி என்று சொல்லிக்கொண்டே வந்தேன். பன்னிரண்டாம் நூற்றாண்டு நூல் ஒன்று என் வாயை அடைத்தது. சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேசுவரன் பெயரில் உள்ள மானசோல்லாசம், உலோகச் சிலைக்கு மெழுகுக் கரு செய்து அதன்மேல் பூசும் மண்ணைப் பற்றிச் சொல்கிறது. கரிந்த உமி, பொடிப்பொடியாக நறுக்கிய பஞ்சு, அத்தோடு கொஞ்சம் உப்பு. எல்லாவற்றையும் கல்லில் மழமழவென்று அரைத்துச் சேர்க்கச் சொல்கிறது. எனக்குப் புரிந்த வரையில் விளக்கம் இதுதான்: இந்த மண் சிலையாக நிற்கப் போவதில்லை. சிலையின் தோலைப் பிரதி எடுத்துக்கொண்டு, உருகிய உலோகத்தை ஒருமுறை தாங்கி, பிறகு உடைபட்டுப் போகப் போகிறது. அதன் ஆயுசு சில நாட்கள். வெளுத்துப் பூப்பதற்கு அதற்கு நேரமே இல்லை.

சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் மெழுகில்தான் உருவம் பிடிக்கிறார்கள். தேன்மெழுகு, குங்கிலியம், கொஞ்சம் எண்ணெய். குங்கிலியம் கூடினால் விறைக்கும், எண்ணெய் கூடினால் இளகும். மேலே முதல் பூச்சு காவிரி வண்டல், அப்புறம் மணல் கலந்த முரட்டு மண். நாம் மியூசியத்தில் நின்று சோழர் செம்பின் லயத்தைப் பற்றிப் பேசுகிறோமே, அந்த இடுப்பு வளைவு செம்பில் வளைந்ததே கிடையாது. விரல் சூட்டுக்கு இணங்குகிற மெழுகில் வளைந்தது. மூன்று அங்குல வீட்டுப் பூஜை விக்ரகத்தில்கூட அந்த வழவழப்பு இருப்பதற்குக் காரணம், மெழுகு காயாது, சுருங்காது, பாதியில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போய் வந்தாலும் காத்திருக்கும். மண்ணுக்கு அந்தப் பொறுமை இல்லை.

காயாத மண் ஒன்று வேண்டும் என்ற ஆசையில்தான் இங்கிலாந்தின் பாத் நகரத்து ஓவிய ஆசிரியர் வில்லியம் ஹார்பட் 1897இல் பிளாஸ்டிசின் என்ற பிசைபொருளைச் செய்தார். சுண்ணப் பொடி, பெட்ரோலிய மசகு, கொழுப்பு அமிலம். அவருடைய மாணவர்கள் திருத்தித் திருத்திப் பழக வேண்டும். மண் காய்ந்து அவர்களை அவசரப்படுத்தக் கூடாது. நல்ல எண்ணம். என்னுடைய ஆட்சேபம் ஒன்றுதான். எப்போதும் திருத்த முடிகிற பொருளில் செய்தவனுக்கு நிறுத்தத் தெரியாமல் போகிறது. நம் நாவல்களில் சில பிளாஸ்டிசினில் எழுதப்பட்டவை.

*

கொலுப் பொம்மைகளின் கதை இதைவிடச் சிக்கலானது. பண்ருட்டி, கடலூர் வண்டிப்பாளையம், காஞ்சிபுரம், புதுச்சேரிப் பக்கத்துத் திருக்கனூர் என்று இந்த வட்டாரம் முழுக்கப் பரவிய தொழில். அங்கே மண், காகிதக்கூழ், பிளாஸ்டர் மூன்றும் இருக்கின்றன. கூழ் என்றால் ஊறவைத்து இடித்த காகிதம், பசை, சுண்ண மாவு, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம். ஆந்திரத்துக் கொண்டபல்லியில் இலேசான மரப்பொம்மையின் மூட்டுகளுக்கும் மூக்குக்கும் புளியங்கொட்டை மாவும் மரத்தூளும் கலந்த ‘மக்கு’ என்ற பட்டியை அப்புகிறார்கள். எல்லாம் உப்புக்கும் சூளைக்கும் தப்பிக்கும் வழிகள். சுடவேண்டாம், கனம் குறைவு, ரயிலில் ஏற்றலாம்.

இழந்தது எது என்றால், கை. கொலுப் பொம்மை அச்சில் பிறக்கிறது. இரண்டு பாதி அச்சுகளில் அழுத்தி எடுத்து ஒட்டுவது. அச்சிலிருந்து கழன்று வர வேண்டுமானால் உருவத்தில் உள்வளைவு கூடாது. அதனால்தான் அந்தப் பொம்மைகளின் கைகள் உடம்போடு ஒட்டிக் கிடக்கின்றன, மூக்கு மேடாக இல்லாமல் சரிவாக இருக்கிறது, முகவாய்க்குக் கீழே நிழல் விழுவதில்லை. இல்லாத நிழலைப் பெயின்ட் ஈடுகட்டுகிறது. ‘மரபான தமிழ் முகம்’ என்று ஒரு நண்பர் இந்த முகத்தைப் பற்றி நீளமாக எழுதியிருந்தார். அது அச்சின் முகம் என்று அவருக்குக் கடிதம் போட்டேன். பதில் இல்லை.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸுக்கு வருவோம். அதன் தாய் ஜிப்சம். 150 டிகிரி அளவில் சூடாக்கினால் தன்னிடமுள்ள நீரில் முக்கால் பங்கை விட்டுவிடுகிறது. பொடியில் தண்ணீர் ஊற்றினால் போனதைத் திரும்ப வாங்கிக்கொண்டு சில நிமிஷங்களில் கல்லாகிறது. இந்த ஜிப்சம் வேறெங்கேயோ மலையில்தான் இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். உப்பளத்து மேஸ்திரி ஒருவர் தொட்டியின் அடியிலிருந்து பொருக்கு ஒன்றைப் பெயர்த்துக் கையில் கொடுத்தபோது விழித்தேன். கடல் தண்ணீரின் அடர்த்தி போமே அளவில் ஏறத்தாழ மூன்று, மூன்றரை டிகிரி. (போமே ஒரு பிரெஞ்சு ரசாயனக்காரர். உப்பளத்தில் அவர் பெயர் போய் ‘டிகிரி’ மட்டும் மிஞ்சியிருக்கிறது.) வெயில் அதை வற்றவைக்க வற்றவைக்க முதலில் சுண்ணாம்பு படிகிறது. பதின்மூன்று டிகிரிவாக்கில் ஜிப்சம் படியத் தொடங்குகிறது. இருபத்தைந்துக்கு மேல்தான் உப்பு. அதற்கும் பிறகு மிஞ்சுவது கசப்பு நீர். தூத்துக்குடி உப்பளங்களில் இந்த ஜிப்சத்தை வாரி சிமெண்ட் ஆலைகளுக்கு விற்கிறார்கள்.

ஆக, என் பெண்ணின் மூக்கைத் தின்றதும், மண் பொம்மையைச் சந்தையிலிருந்து தள்ளியதும் ஒரே தண்ணீரில் அடுத்தடுத்த படிகளில் படிகிற இரண்டு உப்புகள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 மே மாதத்தில் திருத்திய நெறிமுறைகளில், நீரில் கரைக்கும் சிலைகளுக்குப் பிளாஸ்டர் கூடாது என்றது. கரைக்காமல் பரணுக்குப் போகிற கொலுப் பொம்மைக்கு அந்தக் கவலை இல்லை. மண்ணுக்குத் திரும்புங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எந்த மண்ணுக்கு? ஏரியில் மண்ணெடுக்க அனுமதிக்காகக் குயவர்கள் எத்தனை அலுவலக வாசல்களில் நின்றார்கள் என்பது நகைக்கடன் வாங்க வந்த இடத்தில் எனக்குச் சொல்லப்பட்ட கதை. 2024இல் தமிழக அரசு விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் ஏரி, குளங்களில் வண்டலும் களிமண்ணும் இலவசமாக எடுக்க வட்டாட்சியர் மட்டத்திலேயே அனுமதி என்று எளிதாக்கியது. எடுக்கத் தெரிந்த நாக்குகள் எத்தனை மிச்சமிருக்கின்றன என்பது தனிக் கணக்கு.

*

கடைசியாக ஒரு பையன். உப்பளத்தில் கூலி வேலை செய்கிறவர்களின் மகன், பாலிடெக்னிக் படிப்பு. கல்விக்கடன் சம்பந்தமாக வந்தவன், பையிலிருந்து பாஸ் புத்தகத்தை எடுக்கும்போது ஏதோ ஒன்று கவுண்டரில் உருண்டது. எடுத்துப் பார்த்தேன். ஒன்றரை அங்குலம். பலகையால் உப்பை இழுக்கும் ஆள். முதுகெலும்பு தெரிந்தது. மூக்கு இருந்தது.

“எதுல செஞ்சது தம்பி?”

“எம்-சீல் சார். பைப் ஒழுகினா அடைப்பாங்களே, அந்தப் பட்டி.”

நான் ஏமாற்றமடைந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு துண்டு எபாக்ஸி. சேர்த்துப் பிசைந்தால் இலேசாகச் சூடேறி, ஒரு மணி நேரத்துக்குள் கைக்கு அடங்காமல் இறுகிவிடும். சூளை வேண்டாம், உப்பு தெரியாது, சுருங்காது. வெளிநாடுகளில் பொம்மைப் போர்வீரர்கள் செய்கிறவர்கள் இதன் நுண்ணிய வகைகளைப் பயன்படுத்துகிறார்கள். நீலமும் மஞ்சளும் சேர்ந்து பச்சையாகிற ஒரு வகை பிரசித்தம். நம் பையனுக்கு ஹார்டுவேர் கடையில் கிடைப்பதுதான். கையுறை போடாமல் பிசைந்து விரல்கள் சிவந்திருந்தன. அது சிலருக்குத் தோலை அரிக்கும், உறை போடு என்றேன்.

அவன் வேலை செய்வதை ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பார்த்தபோதுதான் என் ஏமாற்றம் அறியாமை என்று தெரிந்தது. மெல்லிய கம்பியில் எலும்பு. அதன்மேல் கொஞ்சம் பட்டி, இறுகும்வரை காத்திருக்கிறான். மேலே தசை, மறுபடி காத்திருப்பு. கடைசியில் ஊசி முனையில் எடுத்து மூக்கை வைக்கிறான். ஈரமான ஊசியால் தடவுகிறான். களிமண்ணில் மூக்கு உடம்பிலிருந்து இழுத்தெடுக்கப்படுகிறது. தலையின் மண் குறைந்துதான் மூக்கு பிறக்கும். இங்கே மூக்கு வெளியிலிருந்து வந்து உட்காருகிறது. இரண்டும் இரண்டு மன அமைப்புகள். பையனுடைய வழி ஏற்கனவே எங்கேயோ பார்த்தது என்று தோன்றிக்கொண்டே இருந்தது. பஸ்ஸில் திரும்பும்போது பிடிபட்டது: சுதை. கோபுரத்துப் பொம்மை. உள்ளே செங்கல், மேலே முரட்டுக் காரை, அதன்மேல் சுண்ணாம்பும் மணலும் வெல்லமும் கடுக்காய்த் தண்ணீரும் சேர்த்த நுண்காரை, ஒவ்வொரு பூச்சும் இறுகக் காத்திருந்து, கடைசியில் கரண்டி நுனியால் கண் இமை. ஹார்டுவேர் கடைப் பொருளில் வேலை செய்கிற பையன் குயவனுக்கு வாரிசு இல்லை, சுதைக்காரனுக்கு வாரிசு. அவனுக்கு அது தெரியாது. பொருள் அவனை அந்த வழியில் நடத்தியிருக்கிறது. கூழில் செய்த கொலுப் பொம்மையை மரபு என்றும் இதைப் பிளாஸ்டிக் என்றும் பிரித்துவைத்திருந்த என் கணக்கு அன்றோடு தப்பிப்போயிற்று.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தது. மயிலத்தில் ஐம்பது சென்டிமீட்டருக்கு மேல் மழை. உப்பளம் முழுவதும் ஒரே தண்ணீர். ஓலை போட்டு மூடியிருந்த உப்பு அம்பாரங்கள் கரைந்தன. பையன் வீட்டுக்குள் இடுப்பளவு வந்து போயிருந்தது. அவனுடைய அம்மா வைத்திருந்த கொலுப் பொம்மைகள் பரணிலிருந்து விழுந்து கூழாகவே திரும்பிவிட்டிருந்தன. பட்டியில் செய்தவை சேற்றுக்குள் கிடந்தன. கழுவியதும் பழையபடி இருந்தன. அவற்றை வரிசையாக ஜன்னலில் வைத்துவிட்டு அவன் அதிக நேரம் பேசாமல் இருந்தான்.

“சார், அந்த வில்லியனூர் மண்ணு கொஞ்சம் கெடைக்குமா?”

“இது நல்லாத்தானே நிக்குது?”

“நிக்குது சார். அம்மா மூஞ்ச செய்யணும். இதுல அந்தக் கன்னம் வர மாட்டேங்குது.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய் இரண்டு கிலோ வாங்கி வந்தேன். பெரியவர் பணம் வாங்கவில்லை. ஈரத்துணியில் சுற்றி, வெயில் படாமல், சித்திரை வரைக்கும் தொடாமல் வைக்கச் சொன்னார். பையனிடம் கொடுத்தபோது அவன் முதலில் ஒரு துணுக்கை எடுத்து நாக்கில் வைத்தான். நான் அதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.